கம்பி ஹார்ப்புக்குக் கால் மணி நேரம்

ஆசிரியருக்கு,

அயர்லாந்து ஹார்ப் (யாழ் போன்ற நரம்பு வாத்தியம்) குழுவின் கச்சேரி பற்றிய செய்தியைப் படித்தேன். ஜிக், ரீல் நடன மெட்டுகளுக்கு அரங்கமே தாளம் தட்டியதாம், சந்தோஷம். ஆனால் ஹார்ப்பின் பழைய உயிர் நிதானமான இசையில்தான் இருக்கிறது. 1792இல் பெல்ஃபாஸ்ட்டில் கூடிய ஹார்ப் கலைஞர்களிடம் கேட்டு, அந்த மெட்டுகளை எட்வர்ட் பண்டிங் என்ற 19 வயது இளைஞர் எழுதி வைத்தார். இல்லாவிட்டால் பல மெட்டுகள் போயே போயிருக்கும். அந்தக் கலைஞர்களில் தொண்ணூறைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் மட்டும்தான் பித்தளைக் கம்பிகளை நகத்தால் மீட்டினாராம்.

டப்ளினில் ஒருமுறை ஒரு பெண் அப்படி வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மீட்டிய கம்பியின் நாதம் அடங்கவே நேரமாகிறது. அதை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு அடக்கியபடியே வாசித்தார் அந்தப் பெண். வேகமான ரீல்களுக்கு நடுவே இது காதில் விழாது. எனவே ஒவ்வொரு கச்சேரியிலும் கால் மணி நேரமாவது இப்படிப் பித்தளைக் கம்பி கட்டிய ஹார்ப்புக்கென்றே ஒதுக்கலாம். அப்போது மைக்கையும் அணைத்துவிட வேண்டும்.