'டேக்' எல்லாம் 'எடு' ஆகிவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் பேசும் தமிழில் 'எடு' என்ற ஒரே வினை மற்ற வினைகளை விழுங்கிக்கொண்டு வருகிறது. காரணம் ஆங்கிலத்தின் 'டேக்'. பஸ், மருந்து, தேர்வு, குளியல், நேரம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் போதும். அது அந்த மொழியின் இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழிலோ பஸ்ஸில் ஏறுகிறோம், மருந்து சாப்பிடுகிறோம், தேர்வு எழுதுகிறோம், குளிக்கிறோம். ஜூரோங் போக ஒரு மணி நேரம் ஆகும். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுப்பது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான், சரி.

சென்ற மாதம் பேரனுக்குக் காய்ச்சல். "மாத்திரை எடுத்துட்டியா?" என்று மருமகள் கேட்டாள். "எடுத்துட்டேன்" என்றான். போய்ப் பார்த்தால் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தான், அவ்வளவுதான். 'சாப்பிட்டியா' என்று கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. பஸ் விஷயமும் அப்படித்தான். 'பஸ்ஸை எடுத்துட்டாங்க' என்றால் வண்டி கிளம்பிவிட்டது என்று பொருள். பிள்ளைகள் 'பஸ் எடுத்துட்டேன்' என்பதோ ஏறிவிட்டேன் என்பதற்கு.

'எடு' என்ற சொல்லுக்கென்று தனி வாழ்வு உண்டு. தீபாவளிக்குத் துணி எடுக்கத் தேக்காவுக்குப் போகிறோம். பசி எடுக்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரை காவடி எடுக்கிறார்கள். இந்த மூன்றில் எதற்கும் 'டேக்' பொருந்தாது.

ஒரு சொல் இன்னொன்றை வெளியேற்றுவது நடக்காத காரியமல்ல. 'டேக்' என்பதே வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதே பொருளில் பழைய ஆங்கிலத்தில் 'நிமன்' என்ற சொல் இருந்தது. வந்த சொல் நிலைத்தது, இருந்த சொல் மறைந்தது. அதன் சுவடு இன்று 'நிம்பிள்' போன்ற ஓரிரு சொற்களில்தான் மிச்சம். 'ஏறு', 'எழுது', 'சாப்பிடு' எல்லாம் நம் பிள்ளைகளின் வாயிலிருந்து அப்படிப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

உங்கள் மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது வரும் வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். விமானம் 'டேக் ஆஃப்' ஆனால் கிளம்புகிறது, சட்டையை 'டேக் ஆஃப்' செய்தால் கழற்றுகிறோம். ஒரு பெண் அம்மாவை 'டேக் ஆஃப்டர்' செய்கிறாள் என்றால், அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்போம். இதைத் தேடிப் பிடிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலமும் சேர்ந்து தெளிவாகும். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வருகிறதே, அப்போதே தொடங்கினால் மகிழ்வேன். 'டேக்' முடிந்ததும் 'கெட்' வரட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்