படத்துக்குக் கீழே எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் விளக்கம் எழுதிவிடுகிறீர்கள். பிள்ளைகள் விளக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நம் தமிழ்ப்பள்ளி வகுப்புகளிலும் இதுதான் நிலைமை. படம் இருக்கிறது, பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பகுதியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் மலாய்த் தாளில் படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் தமிழ் வகுப்பையும் தொற்றிக்கொண்டது. 'அம்மா சமைக்கிறார். அப்பா நாளிதழ் படிக்கிறார். தம்பி பந்து விளையாடுகிறான்.' எந்தப் படத்தைக் காட்டினாலும் இவைதாம் வரும். (படத்து அப்பாக்கள் இன்னமும் நாளிதழ் படிப்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். வீட்டு அப்பாக்கள் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள்.) 2021-இல் அந்தத் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். ஐந்து வாக்கியம் மட்டும் போகவில்லை.

போதாக்குறைக்கு, பயிற்சித்தாளில் வரும் படம் ஃபோட்டோஸ்டேட் எடுத்து எடுத்தே கறுத்துப்போகிறது. அது மாமரமா, மழைமேகமா என்று ஆசிரியரே யோசிக்க வேண்டும். இப்போது கணினியே வரைந்து தரும் படங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகின்றன. பளபளப்புக்குக் குறைச்சல் இல்லை. கூர்ந்து பார்த்தால், பொங்கல் பானைக்குப் பின்னால் புகைபோக்கி வைத்த வெள்ளைக்காரன் வீடு நிற்கும்.

படத்தை வைத்துப் பிள்ளைகளைப் பேச வைக்க எளிய முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் அபிகேல் ஹவுசன் என்ற உளவியலாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் வகுத்தது. மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? ஆசிரியர் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லமாட்டார். பிள்ளை சொன்னதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, அது படத்தில் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. நம் வகுப்புகளில் அதைத்தான் கேட்பதே இல்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ்டவுனில் சாலையோரம் தேங்காய் குவித்து, ரதத்துக்காகக் காத்திருப்பவர்களின் படம் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். 'ரதம் போயிருச்சு டீச்சர்' என்பான் ஒருவன். 'இல்ல, இன்னும் வரவே இல்ல' என்பாள் பக்கத்துப் பெண். எப்படிச் சொல்கிறாய்? 'தேங்கா ஒன்னுகூட ஒடையலையே!' அதற்குள் வேறொருவன், காத்திருப்பவர்களில் சீனர்களும் இருப்பதைக் கண்டுபிடித்திருப்பான். அவர்கள் ஏன் தேங்காய் உடைக்கிறார்கள் என்று ஆரம்பித்தால் அந்தப் பாடவேளை முழுவதும் போதாது. வீட்டில் தமிழ் அதிகம் புழங்காத பிள்ளையும் சும்மா இருக்காது. 'அந்த அங்கிள்கிட்ட பான்யாக் கெலாப்பா இருக்கு' என்று சொல்லும். அதட்டித் திருத்த வேண்டாம். 'ஆமாம், அவரிடம் நிறையத் தேங்காய் இருக்கிறது' என்று ஆசிரியர் திருப்பிச் சொன்னாலே போதும். பேசி முடித்த பிறகு எழுதச் சொல்லுங்கள். அம்மா சமைக்கமாட்டார்.

150 பேருக்கும் குறைவாகப் படிக்கும் பள்ளிகளை நம் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு வெவ்வேறு வகுப்பு மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். பாடநூல் வேறு வேறாக இருந்தாலும் படம் ஒன்றே இரு தரப்புக்கும் போதும். சின்னவர்கள் பெயர் சொல்வார்கள், பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்.

படம் தேட வெளியூர் போகவும் வேண்டாம். ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் தெருச் சுவரில் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் வரைந்த, நிஜ மிதிவண்டியில் அக்காளும் தம்பியும் போகும் ஓவியத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சுற்றுலா போகும் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார்கள். பின்னால் கட்டிப்பிடித்திருக்கும் தம்பிக்குக் குஷியா, பயமா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

இப்படியெல்லாம் செய்தால் பாடத்திட்டம் முடியாது என்பார்கள். வாரத்துக்கு ஒரு படம், அரை மணி நேரம். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. வாய்பாடு சொல்லிக்கொடுப்பதற்கெல்லாம் படம் தேடி அலையச் சொல்லவில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், விளக்கத்தை நீக்கிவிட்டு ஒரு செய்திப் படத்தை மாணவர்களுக்குக் கொடுத்து, இதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, பின்னரே விவரத்தை வெளியிடும் பழக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. நீங்களும் செய்யலாமே. ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுக்கும் காட்சி, கார்களை ஏற்றிச் சென்ற பழைய பினாங்கு ஃபெரி என்று உங்கள் சேமிப்பில் எத்தனையோ படங்கள் இருக்கும். வாரம் ஒன்று, அரைப் பக்க அளவில், வண்ணமோ கறுப்பு வெள்ளையோ, தெளிவாகப் போடுங்கள். விளக்கம் அடுத்த ஞாயிறு வரட்டும். இன்னொன்று: ஆசிரியர்கள் அதை வெட்டி வகுப்பில் ஒட்டுவார்கள். ஆகவே அதன் பின்பக்கத்தில் தயவுசெய்து குறுக்கெழுத்துப் போட்டியைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு