ராஜா இல்லாத சீமையிலிருந்து

கிருஷ்ணகிரி
ஆடி மாதம்

அன்புள்ள சிதம்பரம்,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? உன் மூட்டுவலிக்கு அந்தச் சித்த வைத்தியர் கொடுத்த தைலம் கேட்கிறதா, இல்லை வழக்கம்போல நாலு நாள் தடவிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டாயா?

நீ அனுப்பிய மூன்று புத்தகங்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுவது என்று இருந்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு இவ்வளவு நாளா என்று கேட்பாய். மாங்காய் சீசனில் இந்தப் பக்கம் ரிட்டயர் ஆனவன் என்று யாரும் கிடையாதப்பா. மச்சான் தோப்பில் பெங்களூரா காய் இறக்கி மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு போகிறவரை நான்தான் கணக்குப்பிள்ளை. விலையைப் பற்றிக் கேட்காதே.

முதலில் மேனன். வி.பி. மேனன் 1956இல் எழுதிய சமஸ்தான இணைப்புக் கதையை ஒரு அரசாங்கக் கோப்பு மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டே எடுத்தேன். பாதி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மனிதர் சாதாரண ஆள் இல்லை. இளவயதில் இங்கே பக்கத்துக் கோலார் தங்கவயலில் வேலை பார்த்து, அப்புறம் குமாஸ்தாவாக சர்க்காருக்குள் நுழைந்து, கடைசியில் பட்டேலுக்கு வலது கையாக நின்றவர். 1947 ஜூலையில் சமஸ்தான இலாகா ஆரம்பிக்கிறார்கள். ஆகஸ்ட் 15க்குள் 560க்கு மேற்பட்ட சமஸ்தானங்களில் பெரும்பாலானவற்றிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ராணுவம், வெளியுறவு, தபால் தந்தி போக்குவரத்து, இந்த மூன்றை மட்டும் கொடுங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கே என்று பேச்சு. இரண்டு வருஷத்துக்குள் மற்றதும் போய்விட்டது என்பது வேறு விஷயம்! ஜோத்பூர் மகாராஜா கையெழுத்துப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை நீட்டிய இடத்தைக்கூட, பஸ் லேட்டாக வந்தது என்று சொல்கிற மாதிரி எழுதிவிட்டுப் போகிறார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

இரண்டாவது ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர். 1921இல் மத்திய இந்தியாவில் தேவாஸ் ராஜாவிடம் அந்தரங்கச் செயலாளராக இருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்து, 1953இல் 'தி ஹில் ஆஃப் தேவி' என்று போட்டார். உனக்கு மிகவும் பிடித்த புத்தகம், அதனால் கொஞ்சம் பார்த்துத்தான் பேசணும். எனக்கும் அந்த ராஜாவைப் பிடித்துப்போயிற்று. அன்பான மனிதர், பக்திமான். கணக்கு மட்டும் வராது. கஜானா காலி, அரண்மனை பாதி கட்டியபடி நிற்கிறது. கடைசியில் பிரிட்டிஷ் சர்க்கார் கை எட்டாத பிரெஞ்சுப் பாண்டிச்சேரிக்கு வந்து தங்கி, 1937இல் அங்கேயே இறந்துபோனார். தமிழ்க் கடற்கரையில் முடிந்த ஒரு மராட்டிய ராஜா கதை. படிக்கும்போது தொண்டை அடைத்தது, மறுக்கவில்லை. மறுநாள் காலையில் நடக்கப் போனபோது கோபம் வந்தது. அந்தப் பாதி அரண்மனைக்குப் பணம் கட்டின குடியானவன் யார்? அவன் பெயர் ஒரு பக்கத்திலாவது உண்டா?

இங்கேதான் உன்னோடு சண்டை. சாம்ராஜ்யம் எப்படி முடிந்தது என்பதை இந்தப் புத்தகங்களெல்லாம் ராஜாக்களின் கையெழுத்தில் தேடுகின்றன. கிரீடம் கழன்றது, கதை முடிந்தது என்று. என்னைக் கேட்டால் ராஜா என்பவர் வெள்ளைக்காரன் வைத்திருந்த முகப்பு. குடித்தனம் நடந்தது பின்கட்டில், கலெக்டர் கச்சேரியில், அதாவது ஆபீஸில். அது முடியவே இல்லை.

நீ புதுக்கோட்டை, தொண்டைமான் சீமைக்காரன். ஊரில் 1948 மார்ச் வரைக்கும் ராஜா இருந்தார். எங்கள் பாராமகாலுக்கு, அதாவது இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துக்கு, அந்தக் கணக்கு 1792லேயே முடிந்துவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினாரே, அந்தப் பங்கீட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி பக்கம் போனவர்கள் நாங்கள். ஓசூர்ப் பக்கம் மட்டும் 1799இல் திப்பு இறந்த பிறகு போயிற்று.

கம்பெனி இங்கே ஒரு பொம்மை ராஜாவைக்கூட உட்காரவைக்கவில்லை. நேரே கேப்டன் அலெக்சாண்டர் ரீடைக் கலெக்டராக அனுப்பியது. அவருக்குக் கீழே தர்மபுரியில் மன்றோ, கிருஷ்ணகிரியில் கிரஹாம், தெற்கே மக்லியட். நாலு பேருமே பட்டாளத்து ஆட்கள். சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டு பாஷை வராது என்று கார்ன்வாலிஸ் இவர்களைப் பொறுக்கிப் போட்டார். வயல் வயலாக அளந்தார்கள், மண்ணைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள், நடுவில் ஜமீன்தார் இல்லாமல் பயிரிடுகிறவன் பெயரிலேயே வரியை எழுதினார்கள். ரயத்துவாரி இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை. மன்றோ 1820இல் சென்னை கவர்னராக வந்து அதை மாகாணம் முழுக்க நடத்தினார். நல்ல மனிதர் என்று பெயர். கடப்பை, பெல்லாரிப் பக்கம் வரி தாங்காது, கால் பங்கு குறையுங்கள் என்று 1807இல் அவரே எழுதியிருக்கிறார். அந்த அளவுக்குப் போட்டிருந்தார்கள் என்றும் அதைப் படிக்கலாம்.

அந்தக் கடிதப் போக்குவரத்தையெல்லாம் மெட்ராஸ் சர்க்கார் 1907 முதல் 'பாராமகால் ரிக்கார்ட்ஸ்' என்று பகுதி பகுதியாக அச்சுப் போட்டது. நிர்வாகம், குடிகள், விளைபொருள், வரி வகை. யானையும் இல்லை, பீரங்கி மரியாதையும் இல்லை, படித்தால் தூக்கம் வரும். ஆனால் சாம்ராஜ்யத்தைப் பற்றிய புத்தகம் எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

மூன்றாவது புத்தகம் எனக்கு வக்காலத்து வாங்குகிறது என்பதுதான் வேடிக்கை. நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் உங்கள் புதுக்கோட்டையை வைத்து எழுதிய 'தி ஹாலோ க்ரௌன்'. கரடுமுரடான ஆங்கிலம், ஆனால் விஷயம் இருக்கிறது. ராஜா நிலத்தை இனாமாகக் கொடுப்பார். படைக்குப் போனவனுக்கு, கோயிலுக்கு, பிராமணர்களுக்கு, ஊர் வேலை செய்கிறவனுக்கு. அந்தக் கொடுக்கிற கைதான் ராஜாவின் பலம். திவான் சேஷையா சாஸ்திரி வந்து 1888இல் இனாம் செட்டில்மென்ட் நடத்தினார். ஊழியத்துக்கு விட்ட நிலம் வரி கட்டுகிற நிலமாக மாறியது. அப்புறம் ராஜாவுக்கு தசரா தர்பார்தான் மிச்சம். இதைத்தானேப்பா எங்கள் ஊரில் ரீடு நூறு வருஷம் முன்னால், நடுவில் ராஜா என்று ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளாமல் செய்தார்?

பட்டம் யாருக்கு என்பதுகூட வெள்ளைக்காரர்கள் கையில்தான் இருந்தது. உங்கள் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை பிறந்தும் பட்டம் கிடையாது என்றார்கள். 1928இல் அவர் இறந்ததும் ஆறு வயசு ராஜகோபாலத் தொண்டைமானை உட்காரவைத்தார்கள். மைசூரில் 1799இல் ஐந்து வயசு நிரம்பாத பையன். சின்னப் பையன்களைச் சிம்மாசனத்தில் பார்ப்பதில் வெள்ளைக்காரனுக்கு ஒரு தனி ஆசை.

மைசூரைப் பற்றி நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் அந்தக் காலத்தில் அது ராஜா நாடு. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குக் கரண்டு கொண்டுபோனார்கள், விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தார், கண்ணம்பாடி அணை கட்டினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கலெக்டர் ஆட்சியில் நாங்கள் சிம்னி விளக்கோடு கிடந்தோம். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நல்ல ராஜாக்களும் 1881இல் நாட்டைத் திரும்ப வாங்கியபோது வருஷத்துக்கு 35 லட்சம் கப்பம் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

முடிவுக்கு வா. சமஸ்தானத்தை விட்டுக்கொடுத்த ராஜாக்களுக்கு சர்க்கார் தந்த மன்னர் மானியத்தில் மைசூருக்கு வருஷம் 26 லட்சம், கடோடியா என்கிற குட்டி சமஸ்தானத்துக்கு 192 ரூபாய். 1971இல் அரசியல் சட்டத் திருத்தத்தோடு அதுவும் போயிற்று. ராஜாக்கள் சாதாரணப் பிரஜைகள் ஆனார்கள். ஆனால் நம் கிராமங்களில் ஊர்க் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணமும் வரி வசூலித்த முன்சீப்பும் எப்போது போனார்கள், யோசித்துப் பார். 1980இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில்! இந்தியாவில் கடைசி ராஜா போய் ஒன்பது வருஷம் கழித்துத்தான் கடைசி முன்சீப் போனார். தாசில்தாரும் கலெக்டரும் இன்னும் போகவில்லை. போன மாசம் ஜமாபந்தியில் பட்டா பெயர் மாற்றத்துக்காக மச்சானோடு உட்கார்ந்திருந்தேன். மனுவில் பசலி வருஷம், அதுதான் வருவாய்த்துறைக் கணக்கு வருஷம், போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மன்றோ எழுந்து வந்தால் அந்த இடத்தில் அவருக்கு வழி கேட்கவேண்டியதே இருக்காது.

தொரப்பள்ளிக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ராஜாஜி பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அவர் அப்பா அந்த ஊர் முன்சீப். வாரன் ஹேஸ்டிங்ஸில் ஆரம்பித்த கவர்னர் ஜெனரல் வரிசையில் கடைசியாக, 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை உட்கார்ந்தவர் இந்த முன்சீப் வீட்டுப் பிள்ளை. அவர் காலத்தில்தான் ஹைதராபாத்துக்குள் படை போயிற்று. அப்புறம் 1959இல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்தபோது ராஜாக்களும் ராணிகளும் வந்து சேர்ந்துகொண்டது அவரிடம்தான் என்பதையும் சொல்லியாகணும். பேத்திக்கு இதெல்லாம் சுவாரசியப்படவில்லை, வெளியே ஐஸ்கிரீம் வண்டி நின்றது.

இன்னொன்று. 1965 அக்டோபர் 2இல் சேலத்தைப் பிரித்து தர்மபுரி மாவட்டம் உண்டாக்கினபோது சென்னை கவர்னர் யார் தெரியுமா? ஜெயசாமராஜ உடையார், மைசூரின் கடைசி மகாராஜா. அவர் முன்னோர்கள் ஆண்ட பாராமகால். அதற்கு ஒரு கலெக்டர் கச்சேரி அமைந்தபோது அவர் மாநிலத்துக்குச் சம்பளம் வாங்குகிற கவர்னர். உங்கள் ஊரில் ராஜா குடியிருந்த புது அரண்மனையே கலெக்டர் ஆபீஸ் ஆகிவிட்டது. நீ தினமும் அதைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போகிறாய், என்னிடம் ஒருநாள்கூட இதைப் பற்றிப் பேசியதில்லை!

உன் பதில் எப்படி இருக்கும் என்று தெரியும். முகப்பு இல்லாமல் வீடு ஏது என்பாய். ராஜா இருந்த ஊரில் குளம் வெட்டினான், கோயில் திருவிழா நடந்தது, சங்கீதக்காரன் சாப்பிட்டான், உங்கள் கலெக்டர் எதைக் கட்டினான் என்பாய். சொல், கேட்கிறேன். மேனனைத் திருப்பி அனுப்புகிறேன். டர்க்ஸ் மட்டும் தீபாவளி வரை என்னிடம் இருக்கட்டும், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், திட்டாதே.

அப்புறம், காலேஜ் நாளில் உங்கள் தாத்தா வீட்டில் தொண்டைமான் கொடுத்த இனாம் பத்திரம் இருக்கிறது என்று பீற்றிக்கொள்வாயே, அது இப்போது யாரிடம்? சித்தப்பா மகனிடம் என்றால் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பு. 1888க்குப் பிறகு அந்த நிலத்துக்கு எவ்வளவு வரி போட்டார்கள், யார் பெயரில் எழுதினார்கள் என்று பார்க்கணும்.

தங்கச்சிக்கு என் அன்பு. ஒரு பெட்டி மல்கோவா லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன், ரசீது நம்பரை போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்