ரத்த அழுத்தம் பார்க்க முப்பது வயதாக வேண்டுமா?

மத்திய சுகாதார, குடும்ப நல அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் ரத்த அழுத்தப் பரிசோதனை 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதை 18 ஆக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் பிரஷர் பார்த்தீர்கள். கணக்கெடுக்க 15, கவனிக்க 30 என்றால் இடையில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

பிரஷர் வயதானால் வருவது என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். இருபதுகளில் வந்தால், ‘டென்ஷனா இருந்திருப்பே’ என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948 முதல் தலைமுறைகளைத் தொடர்ந்து வரும் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பிரஷரே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், 65 வயதுக்குப் பிறகு வந்தவர்களைவிட 45க்கு முன்பே வந்தவர்களுக்குத்தான் இதய நோயால் இறக்கும் ஆபத்து அதிகம் கூடுகிறது. பெற்றோருக்கு 55 வயதுக்கு முன் வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். எனவே ‘அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறதா’ என்பதோடு, ‘எந்த வயதில் வந்தது’ என்றும் உங்கள் படிவம் கேட்க வேண்டும்.

இளவயதில் வருவதற்குப் பின்னால் சில சமயம் வேறு நோய் ஒளிந்திருக்கும்: சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, அட்ரினல் சுரப்பியில் கட்டி. இவற்றில் சிலவற்றை முழுமையாகவே சரிசெய்யலாம், நேரத்தோடு பார்த்தால். 25 வயதில் வந்ததை 40 வயதில் கண்டுபிடித்தால், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் இதயச் சுவர் தடித்திருக்கலாம், சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். உடம்பு ஒரு வார்த்தை சொல்லியிருக்காது.

எல்லோருக்கும் மாத்திரை கொடுங்கள் என்று கேட்கவில்லை. பயத்தாலும், அப்போது குடித்த காபியாலும்கூட அளவு ஏறும். வேறு நாட்களில் மறுபடி பார்த்து, 140/90க்குக் கீழே இறங்காதவர்களை மட்டும் மருத்துவரிடம் அனுப்பினால் போதும்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். கல்லூரி ரத்ததான முகாம்களில் 18 வயது மாணவர்களுக்கும் பிரஷர் பார்த்துவிட்டுத்தானே ஊசி போடுகிறார்கள்! ‘பிபி அதிகமா இருக்கு தம்பி, இன்னைக்கு வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பினால், அவனும் பிஸ்கட் பாக்கெட்டோடு வகுப்புக்குப் போய்விடுவான். அந்த அளவு யாருக்கும் போய்ச் சேராது. வயது வரம்பை மாற்ற நாளாகும் என்றால், முதலில் இப்படித் திரும்பும் பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி செல்லும் பிள்ளைகளின் தகப்பன்