ஞாயிறு பூசைக்குத் திரும்பினேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. குருக்கள் ஓய்வு இல்லத்தில் பக்கத்து அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லும் முன் போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பக்கவாதம் வந்து படுத்தவன், அதே ஊதா உடையில் மறுபடியும் பீடத்துக்கு வந்தேன். இடது கை இன்னும் சரியாக எழும்பவில்லை, நெடுநேரம் நிற்கவும் முடியாது. திருச்சபைச் சட்டம் 930 உனக்கு நினைவிருக்கும். நிற்க முடியாத குரு உட்கார்ந்தே பூசை வைக்கலாம். மக்கள் முன் வைப்பதென்றால் ஆயரின் அனுமதி வேண்டும். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த சட்டம், இப்போது எனக்கே தேவைப்பட்டது. கேட்டேன், ஆயர் உடனே தந்தார்.

எங்கள் ஊரில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை, தெரியும்தானே. அடைமழையிலும் கோயில் நிறைந்துவிட்டது. கோயில்பிள்ளை பீடத்துக்குப் பின்னால் உயரமான நாற்காலி போட்டிருந்தார். மறையுரையை உதவிப் பங்குத்தந்தை, எங்கள் இளைய சாமி, பார்த்துக்கொண்டார். பீடத்தில் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டுகளில் இரண்டாவதை எடுத்தேன், அதுதானே சிறியது. அப்படியும் நாக்கு இழுத்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. மக்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். எழுந்தேற்றத்தில் கிண்ணத்தை வலது கையால் தூக்க, இளைய சாமி என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

முதல் வெள்ளிதோறும் நான் நற்கருணை கொண்டுபோன வீடுகளிலிருந்து சில முதியவர்களை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டி, எழுந்து நிற்க முடியாததால் கோயிலுக்கு வருவதையே விட்டவர். பூசை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமியே உக்காந்து பூசை வைக்காவ, இனி நான் உக்காந்திருக்க எனக்கென்ன வெக்கம்?" என்றார். நண்பா, படுத்துக் கிடந்த மாதங்களில் நான் எதற்கு இனி உதவுவேன் என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்தக் கேள்வி அன்றோடு தீர்ந்தது.

2005 ஈஸ்டர் ஞாயிறன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஜன்னலுக்கு வந்து, பேச முயன்று முடியாமல் கையால் மட்டும் ஆசீர்வதித்தார். 2013இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இந்தப் பணிக்குத் தேவையான வலிமை தன்னிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விலகினார். நீ எப்போதும் பெனடிக்ட் பக்கம். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் பங்கின் கணக்கு, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டத் தகராறு எல்லாவற்றையும் இளைய சாமியிடம் ஒப்படைக்கும்படி ஆயருக்கு எழுதிவிட்டேன். அவற்றுக்கெல்லாம் ஓடியாட வேண்டும், என்னால் ஆகாது. ஞாயிறு பூசை ஒன்றை மட்டும் விட்டுவைக்கக் கேட்டிருக்கிறேன். அதை உட்கார்ந்தும் வைக்கலாம், திக்கியும் வைக்கலாம். பங்குக் குருக்கள் 75 வயதில் விலகல் கடிதம் தரவேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அதுவரைக்குமாவது இங்கே இருக்க ஆசை.

ஆகவே அந்த அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. கிறிஸ்துமஸ் அலைச்சல் ஓய்ந்ததும் நீ ஒருமுறை இங்கே வா. சேர்ந்து பூசை வைப்போம், மறையுரை உன்னுடையது. எந்த ரயில் என்று மட்டும் முன்னாலேயே எழுது, ஆள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய குருமடத் தோழன்