மடைப் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மடைக்கு உட்பட்ட பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டில் பொதுக்குழு வழக்கம்போல் கூடியது. காலிங்கராயன் தினத்தன்று மாலை அணிவித்தோம். தூர்வாரக் கோரி மனு அளித்தோம்.

ஆயக்கட்டு வயல்களைத் தரவுத்தளத்தில் ஏற்றும் பணியை வீண்வேலை என்று சிலர் பேசுவதால், அதனைச் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 1283-இல் வெட்டி முடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் இன்றும் வருகிறது. ஆனால் பாகம் பிரிந்து பிரிந்து உட்பிரிவுகள் பெருகியதால், எந்த வயல் எந்த மடையைச் சேர்ந்தது என்ற வழக்கு, முறைத் தண்ணீர் விடும்போதெல்லாம் எழுகிறது. வயல்களை வரைந்து வைப்பதோடு நில்லாமல், ஒரு வயலுக்கும் அடுத்ததற்கும் உள்ள உறவைக் கேட்டறிவதே இப்பணியின் நோக்கம்.

வரைபட வடிவங்களைச் சேமித்து ஒப்பிடும் போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில், இப்படிக் கேட்பதற்கென்றே எஸ்டி_ என்று தொடங்கும் கட்டளைகள் உள்ளன. ஒரே வரப்பைப் பகிரும் இரு வயல்கள் எஸ்டி_டச்சஸ் என்னும் சோதனையில் ‘தொடுகிறது’ என்று வர வேண்டும்; எஸ்டி_ஓவர்லாப்ஸ் சோதனையில் ‘ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை’ என்று வர வேண்டும். ஒவ்வொரு வயலுக்கும் உள், எல்லை, வெளி என மூன்று பகுதிகள் கொண்டு, மூன்றையும் மூன்றோடு பொருத்திய ஒன்பது விடைகளை எஸ்டி_ரிலேட் ஒரே வரியில் தருகிறது. அதில் எஃப் என்றால் சந்திப்பே இல்லை; 0 என்றால் புள்ளியிலும், 1 என்றால் கோட்டிலும், 2 என்றால் பரப்பிலும் சந்திக்கின்றன. வரப்பைப் பகிரும் வயல்களுக்கு அது ‘எஃப்எஃப்2எஃப்11212’. மூலைக்கல்லில் மட்டும் தொட்டால் ஐந்தாம் இடத்து 1 மாறி 0 ஆகும். ஏறிக் கிடந்தால் முதலிடத்து எஃப் போய் 2 வந்துவிடும். கைபேசியோடு வரப்பில் நடந்து எடுக்கும் அளவில் சில மீட்டர் பிசகு இருப்பதால், அண்ணன் அளந்த வரப்பும் தம்பி அளந்த வரப்பும் இரு கோடுகளாக விழுந்து, வயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, அல்லது நடுவே யாருக்கும் சொந்தமில்லாத கீற்று நிலம் ஒன்று முளைக்கிறது. இருவரும் உடனிருந்தால் ஒரே கோட்டை இரு வயலுக்கும் வைத்து அன்றே தீர்த்துவிடலாம்.

பங்காளிகளின் கூட்டுக் கிணற்றைச் சரியாக வரப்பின் மேலேயே புள்ளியாகக் குறித்திருக்கிறோம். ‘எந்த வயலுக்குள் இருக்கிறது’ என்று எஸ்டி_கன்டெய்ன்ஸ் கொண்டு கேட்டால், எல்லைமேல் உள்ள புள்ளியை அது உள்ளே கொள்ளாது. இரு பங்காளிக்கும் கிணறு இல்லை என்றாகிவிடும். எஸ்டி_கவர்ஸ் எல்லையையும் சேர்த்துப் பார்ப்பதால் இருவருக்கும் உண்டு என்று சொல்லும். கிணற்றுப் பட்டியலை அதைக் கொண்டே தயாரித்தோம்.

கரையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள வயல்களை அறிய எஸ்டி_டிவிதின் பயன்படுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள வடிவங்களிடம் 50 என்று கேட்டால் அது 50 பாகையாகி, ஆயக்கட்டு முழுவதும் கரையோரம் என்று விடை வரும். ஆகவே பூமியைத் தீர்க்கரேகைப்படி மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் கணக்கிடும் யுடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு எல்லாவற்றையும் மாற்றியுள்ளோம். 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கும் கரூர், நாமக்கல் உறவினர்கள் இம்முறையைப் பின்பற்றினால் 44-ஐக் கொள்ள வேண்டும்.

அளக்கும் நாளை முன்கூட்டியே தெரிவித்தும், திருப்பூரில் கம்பெனி, கோவையில் வேலை என்று உறுப்பினர் பலர் வரவில்லை. ஆள் அனுப்புவதாகச் சொன்னவர்களும் அனுப்பவில்லை. ஏறிக் கிடக்கும் வயல்களின் பட்டியலில் பெரும்பகுதி இவர்களுடையதே என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். தண்ணீர் முறையில் குறை என்று முதலில் மடைக்கு வருபவர்களும், ஆண்டுச் சந்தாவைப் பாக்கி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பித்துள்ளார். செலவு வரவுக்குள் அடங்கியது. 2001-இல் வெளியான போஸ்ட்ஜிஐஎஸ் கட்டணமில்லா மென்பொருள் என்பதால், ஆவண நகல்களுக்கும் போக்குவரத்துக்கும் மட்டுமே செலவிட்டோம். வரப்பில் நடந்து உதவிய நம்மூர்க் கல்லூரி மாணவர்களுக்கும், வழிகாட்டிய ஓய்வுபெற்ற நில அளவையாளருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

இந்தத் தரவு அரசின் புலப்படத்துக்கு மாற்றல்ல. சட்டப்படியான எல்லையை இது தீர்மானிக்காது. இருந்தாலும், பேசித் தீர்க்க வேண்டிய வரப்புகள் எவை என்று காட்டிவிடும். அந்தப் பட்டியலை ஆடிப்பெருக்குக்கு முன் சங்கப் பலகையில் ஒட்டவுள்ளேன். தங்கள் உட்பிரிவு எண் அதில் இருப்பவர்கள் பட்டா நகல், புலப்படம், சந்தா பாக்கி மூன்றையும் கொண்டுவந்து, பக்கத்து வயல்காரரையும் உடன் அழைத்து வரும்படி வேண்டுகிறேன். இருவரும் சேர்ந்து வந்தால் அளக்க நானே உடன் வருகிறேன். இப்பணியைத் தொடர்ந்து செய்ய இளைஞர் ஒருவர் முன்வந்தால், கடவுச்சொல் உட்பட யாவற்றையும் ஒப்படைத்துக் கற்றுக்கொடுக்கவும் அணியமாக இருக்கிறேன்.

செயலாளர்