செயலாளர் ஆண்டறிக்கை: காணொளி முன்மாதிரிப் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும், பெற்றோர்களுக்கும், சிறப்பாசிரியர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், ஆட்டிசமுள்ள நம் பிள்ளைகளுக்குப் பிறரோடு பழகும் திறன்களைக் காணொளி வழியே கற்பிக்க நாம் எடுத்த முயற்சியைப் பற்றி மட்டும் இங்கே கூறுகிறேன்.

பிறர் செய்வதைப் பார்த்தே மனிதர் பலவற்றைக் கற்கின்றனர் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1960களில் ஆய்வுகளால் காட்டியதே இம்முறைக்கு அடிப்படை. ஒரு செயலைச் சரியாகச் செய்துகாட்டும் சிறு காணொளியைப் பிள்ளை பார்த்துவிட்டு, உடனே தானும் செய்து பழகும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நேரில் செய்துகாட்டியதைவிடக் காணொளியில் காட்டியதை ஆட்டிசமுள்ள ஐந்து குழந்தைகள் பெரும்பாலும் விரைவாகக் கற்றனர். 2007இல் இம்முறை பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆய்வாளர்கள் பெல்லினியும் அகுலியனும், பயிற்சி நின்ற பின்னும் பலன் நிலைத்திருக்கக் கண்டனர்.

நாம் முதலில் எடுத்த காணொளிகள் பயன்படவில்லை என்பதை மறைக்காமல் பதிவு செய்கிறேன். ஆர்வ மிகுதியால் பின்னணி இசையும் வண்ண எழுத்துகளும் சேர்த்துவிட்டோம். பிள்ளைகள் இசையை மட்டும் ரசித்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு சிறப்பாசிரியர்கள் சொன்னபடி, ஒரு காணொளிக்கு ஒரே செயல், ஒரு நிமிடத்துக்குள், வெறும் சுவரின் முன்னே, அக்காவோ சித்தப்பா மகனோ நடிக்க எடுத்தபோதுதான் பிள்ளைகளின் கவனம் செயலின் மீது நின்றது.

அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. ஊஞ்சலருகே சென்று "நானும் விளையாட வரட்டுமா?" என்று கேட்கும் காணொளியைப் பார்த்துப் பழகிய சிறுவன், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடமும் அதையே கேட்டான். சிரித்துவிட்டோம், ஆனால் பிழை அவனுடையதன்று, ஒரே இடத்தில் ஒரே ஆளை வைத்து எடுத்த நம்முடையது. இப்போது அதே செயலைப் பூங்கா, பள்ளித் திடல், வீட்டு முற்றம் என வெவ்வேறு இடங்களில், "இப்போ வேண்டாம்" என்று மறுமொழி வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எடுக்கிறோம்.

பிள்ளை தானே செய்ததைப் படமெடுத்து, இடையில் நாம் தூண்டிய குரலையும் உதவிய கையையும் வெட்டி நீக்கி, அதை அப்பிள்ளைக்கே காட்டும் முறையையும் தொடங்கியுள்ளோம். இதில் தாய்மார்கள் கைப்பேசியிலேயே தேர்ந்துவிட்டார்கள். ஆயினும், கண்ணைப் பார்த்துப் பேச வைக்கும் காணொளிகளைச் சிலர் கேட்டபோது நான் உடன்படவில்லை; பலருக்கு அது வேதனை தருவது, பழகுவதற்கு அது கட்டாயமும் அன்று.

இக்காணொளிகளில் நம் பிள்ளைகளின் முகங்கள் உள்ளன. ஆகவே, பெற்றோரின் எழுத்து ஒப்புதலின்றி எதையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரக்கூடாது என்ற விதியைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.